லேக் கார்டனில் வெள்ளைச் சீலை

என் கல்யாணத்தில் நான் பிடித்த பிடிவாதத்தைப் பற்றி எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெகுநாள் பேச்சு ஓடியது. ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனதிலிருந்து இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை என்றார்கள். கோலாலம்பூர் மோகம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். தாலியின் மஞ்சள் ஈரம் காய்வதற்குள், லேக் கார்டனுக்குப் போய்ப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று ஒருத்தி ஒற்றைக் காலில் நின்றால் வேறு என்ன சொல்வார்கள்? சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். உண்மையான காரணம், அன்று ஏரிக்கரைக்குப் போய் நிற்கும் வரை, எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு கல்யாணப் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன கஷ்டம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னால் வந்து நின்றதில்லை. இத்தனைக்கும் வேலை நாட்களில் அவளை யாரும் வேறாகப் பார்த்ததில்லை. இருட்டு விலகுவதற்குள் அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, கைலியைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவாள். அந்தக் கோலத்தில் எல்லாப் பெண்களும் ஒன்றுதான். இவள் சுமங்கலியா, விதவையா என்று எந்த ரப்பர் மரமும் கேட்டதில்லை. யார் வீட்டிலாவது பந்தல் போட்டால்தான் அம்மா விதவை ஆவாள். பெட்டியிலிருந்து வெள்ளைச் சீலை வெளியே வரும். அதைக் கட்டிக்கொண்டு நேராகச் சமையல் கொட்டகைக்குப் போய்விடுவாள். வெங்காயம் உரிப்பதற்கு மட்டும் எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் லயத்துக்கே, அந்தக் குடியிருப்பு வரிசை முழுவதுக்கும், நீதிபதி பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அவள் வீட்டுச் சோறுதான் எங்களுக்கு வந்தது. ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று வந்துவிட்டால் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதிரே வரக் கூடாது என்பதைக் கையில் கரண்டியோடு நின்று அவள்தான் ஒழுங்குபடுத்துவாள். அம்மாவை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயிரு புள்ள" என்று அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நன்றாகக் கொடுத்திருப்பேன்.

கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு, தொழிற்சாலைத் தோழிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லேக் கார்டனுக்குப் போயிருந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் துரைமார்கள் சாயங்காலம் காற்று வாங்குவதற்காக ஊர் நடுவில் அமைத்த பூங்கா அது. பெரிய ஏரி, மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, கிளை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், மேட்டின் மேல் பெரிய பெரிய பங்களாக்கள். துரைமார்கள் போய்விட்டார்கள், பூங்கா இருந்தது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அங்கே ஒரு மலாய்க் கல்யாண ஜோடி ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடினார்கள். ஐஸ்கிரீம்காரன் மணியை அடித்துக்கொண்டு குறுக்கே போனான். யாரோ ஒரு கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஜோடிக்கும் கேமராவுக்கும் நடுவிலேயே ஆடி அசைந்து நடந்தார். யாரும் யாரையும் அந்தப் பக்கம் போ என்று சொல்லவில்லை.

அந்த நிமிஷம்தான் எனக்கு யோசனை வந்தது. கோயிலுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இந்த இடத்தில் பெரியம்மாவின் சட்டம் செல்லாது.

நிச்சயம் முடிந்த பிறகு இதை என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொன்னேன். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுபவர் அவர். அந்தப் பஸ்ஸில் போய்வந்துதான் எங்களுக்குள் பழக்கம். அதிகம் பேசமாட்டார்.

"பெரியம்மா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

"உங்க வீட்டு ஆசைன்னு சொல்லுங்க. மாப்பிள்ள வீட்டு ஆசைன்னா பெரியம்மா வாயத் தொறக்க மாட்டாங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடியே பொய் சொல்ல வைக்கிற லா நீ" என்றார். ஆனால் அழகாகச் சொன்னார். தன் அம்மாவுக்கு லேக் கார்டன் படம் என்றால் உயிர் என்று அவர் அடித்துவிட்டதில் பெரியம்மா மறுபேச்சுப் பேசவில்லை; லயத்தில் மற்றவர்கள்தான் அதை நம்பாமல் எல்லாம் என் மோகம் என்றார்கள். ராகு காலத்துக்கு முன்னால் பெண் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டாள்.

அம்மாவிடம்தான் எனக்குப் பயம். முன்பே ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருந்தேன். "அக்கா சொல்றதுனால இல்ல கண்ணு. நானே நிக்க மாட்டேன். என் ராசி உம் மேல பட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் நான் உசுரோட இருந்து என்னா பண்றது?" என்றாள். பெரியம்மா சட்டம் போட்டாள், அம்மா அதை நம்பினாள். சட்டத்தை ஏமாற்றலாம். நம்பிக்கையை என்ன செய்வது? அதனால் படத்தைப் பற்றி அவளிடம் மூச்சே விடவில்லை. எல்லோரும் ஏரி பார்க்கப் போகிறோம், நீயும் வா என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு என் முதல் சம்பளத்தில் இளம்பச்சையில் ஒரு சீலை வாங்கிக் கொடுத்திருந்தேன். அது பெட்டியிலேயே கிடந்தது. வெள்ளையைக் கட்டிக்கொண்டு, கோயிலின் பின்பக்கம் தேங்காய் மூட்டைக்கு அருகில் நின்றாள். அட்சதைத் தட்டு வரிசையாக எல்லோர் கைக்கும் போனது. அவள் பக்கம் மட்டும் போகவில்லை. மேளம் கொட்டியபோது கழுத்து நிறைய மாலையோடு நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கையைக் குவித்து அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று தாலி ஏறும் நேரத்தில் முடிவு செய்த மணப்பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பந்தி முடிந்ததும் புறப்பட்டோம். எங்களுக்கு ஒரு நண்பரின் கார். மற்றவர்களுக்குத் தோட்டத்து லோரி. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்து மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார் பெரியப்பா. பத்துப் பேர் வருவார்கள் என்று பார்த்தால் பாதி லயமே ஏறிவிட்டது. கோலாலம்பூர் என்றால் சும்மாவா? பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள், மிச்ச லட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், குழந்தைக்குத் தூளி கட்டக் கயிறோடு வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கோலசிலாங்கூர் டவுனில் கடை வைத்திருந்த சீனப் படக்காரர் லோரிக்காரர் பக்கத்தில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்டத்துக் கல்யாணங்களை எடுத்து எடுத்தே தமிழ் கற்றுக்கொண்ட மனிதர் அவர். காரில் என் பக்கத்தில் பெரியம்மா. அம்மா காருக்குப் பக்கத்திலேயே வரவில்லை. லோரியின் பின்பக்கம் போய், யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட ஏறிக்கொண்டாள்.

சுங்கை பூலோ வழியாகப் போனோம். வழியெல்லாம் பெரியம்மா என் மாலையைச் சரிசெய்வதும், ராகு காலத்தை நினைத்து வானத்தைப் பார்ப்பதுமாக வந்தாள். கண்ணாடி வழியாக நான் பின்னால் வரும் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர், வண்டியை ஓட்டிய நண்பரிடம், "லோரிய விட்ராதீங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

லேக் கார்டன் வாசலில் பளபளக்கும் கார்கள் ரிப்பன் கட்டி நின்றன. அவற்றுக்கு நடுவே எங்கள் லோரி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பின்பலகையைத் திறந்ததும் பட்டுச் சீலைகள் வரிசையாகக் குதித்தன. இறங்கியவர்கள் புல்வெளியின் ஓரத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். காரணம் எனக்கு உடனே புரிந்தது. இவ்வளவு ஒழுங்காக வெட்டிய புல்லை அவர்கள் துரை பங்களாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே காலை வைத்தால் தொலைந்தோம். போதாததற்கு மேட்டில் ஒரு பங்களா வேறு தெரிந்தது.

"நடக்கலாமா, யாராச்சும் கேப்பாங்களா?" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு கேப்பா? எல்லாரோடதும்தான்" என்றேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். லேக் கார்டன் புல் ஓரத்தில் எங்கள் தோட்டத்துச் செருப்புகள் கோயில் வாசல் மாதிரி குவிந்து கிடந்தன. ஆனால் புல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியதும் பயமெல்லாம் பறந்துவிட்டது. பிள்ளைகள் சரிவில் உருண்டார்கள். பெரியவர்கள் பாயை விரித்துக் காலை நீட்டினார்கள். ஏரியில் யாரோ படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் மணக்கோலத்தோடு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். அம்மா எல்லோருக்கும் கடைசியில், எங்களை விட்டு நன்றாகத் தள்ளி வந்துகொண்டிருந்தாள்.

திடீரென்று பெரியம்மா நின்றாள். அடுத்த நொடி தன் முந்தானையால் என் கண்ணைப் பொத்தினாள்.

"திரும்பு! அந்தப் பக்கம் பாக்காத! இன்னைக்குன்னு பாத்தா வந்து ஒக்காரணும்?"

முந்தானை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மரத்தடி பெஞ்சில் ஒரு சீனப் பெண் உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து பாதம் வரை வெள்ளை. தலையில் வலை மாதிரி வெள்ளை முக்காடு. தலை குனிந்திருந்தது. பக்கத்திலிருந்த தோழி கைக்குட்டையால் அவள் கன்னத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் சீனர் கல்யாணங்களைப் பெரியம்மா பார்த்திருக்கிறாள். அங்கே பெண் சிவப்பில்தான் வருவாள். வெள்ளை உடுத்தித் தலை குனிந்து கன்னத்தைத் துடைத்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிப் பெரியம்மாவின் சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு முடிவுதான் இருந்தது.

"அடப் பாவமே, பச்சப் புள்ளயா இருக்குதே. இந்த வயசுலயே அறுத்துட்டாளே" என்றாள். என் கண்ணை மூடியவள் தன் கண்ணை மூட மறந்துவிட்டாள். பார்க்கப் பார்க்க அவள் மனசு இளகியது. முந்தானை என் முகத்திலிருந்து தானாக நழுவியது. நான் தடுப்பதற்குள் பெரியம்மா பெஞ்சை நோக்கிப் போய்விட்டாள்.

போனவள் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அழாத தாயி. யாரு தலையில என்னா எழுதியிருக்கோ. ஒனக்குன்னு ஒரு வாழ்க்க அமையும்" என்று தமிழிலேயே ஆரம்பித்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, தனக்குத் தெரிந்த மலாயில், "ஜாங்கான் நாங்கிஸ், ஜாங்கான் நாங்கிஸ்" என்று அழாதே அழாதே என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் அழவே இல்லை. வெயிலில் முகப்பூச்சு கரைகிறது, தோழி துடைத்துவிடுகிறாள், அவ்வளவுதான். திருதிருவென்று விழித்தாள். அந்த நேரம் பார்த்து, செத்துப்போய்விட்டான் என்று பெரியம்மா முடிவு கட்டிய புருஷன், கோட்டு சூட்டோடு, இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு வந்து நின்றான்.

எங்கள் படக்காரர் ஓடினார். "பெரிம்மா, என்னா செய்றீங்க? அது பொண்ணு லா! இன்னைக்கிக் கல்யாணம்!"

பெரியம்மா கையை விடவில்லை. "கல்யாணமா? வெள்ளையிலயா?"

"வெள்ளதான். இப்ப எங்க ஆளுங்க எல்லாம் வெள்ள கவுன்தான்."

"ஒங்க ஆளுங்க சாவுக்குல்ல வெள்ள கட்டுவீங்க? நான் பாத்திருக்கேன்யா."

"முன்னாடி அப்டிதான் பெரிம்மா. எங்க அம்மா காலத்துல வெள்ளன்னா சாவு வீடுதான். இப்ப மாறிப் போச்சு."

"யாரு மாத்துனா?"

படக்காரர் தலையைச் சொறிந்தார். "யாரு மாத்துவா? பொண்ணுங்கதான்."

லோரியில் வந்த கூட்டம் இதற்குள் சூழ்ந்துகொண்டது. விஷயம் தெரிந்ததும் சிரிப்பு வெடித்தது. அந்தச் சீனப் பெண்ணுக்கும் யாரோ மலாயில் விளக்கிச் சொல்ல, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை தன் மார்பைத் தட்டிக் காட்டி, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்றான். பெரியம்மா அசடு வழிந்துகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். கூட்டத்துக்கு வெளியே நின்று, அந்தப் பெண்ணின் வெள்ளைக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். எவ்வளவோ திட்டம் போட்ட என் மூளைக்கு இது எட்டவே இல்லை. வெள்ளையில் ஒரு கல்யாணப் பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நான் எண்ணவில்லை. இதைவிட நல்ல நேரம் எனக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது என்று தோன்றியது.

"மொத படம் நானும் அம்மாவும்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

சிரிப்பு நின்றது. அம்மா முகம் வெளிறிப்போய் இரண்டடி பின்னால் போனாள். "என்னா பேச்சு பேசுற? வேணாம் கண்ணு. நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மாவே சொல்வாள். கூறைச் சீலையோடு புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா வந்து பக்கத்துல நிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஏ, கூறைச் சீல! கறை பட்டா போவாது!" என்று பதறினாள் பெரியம்மா. "ராகு காலம் வருதுடி!"

"வரட்டும். வந்து அதுவும் ஒக்காரட்டும்."

பெரியப்பா கெஞ்சினார். மாமியார் மகனைப் பார்த்தார். தன் மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட ஆசை இதுதானா என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். என் கணவர் பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து தானும் உட்கார்ந்தார். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டது சரிதான் என்று அந்த இடத்திலேயே எனக்கு நிச்சயமானது.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். பெஞ்சில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த வெள்ளைக் கவுன்காரியைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ ஓடியது. தோற்றேன் என்று சொல்லும் சாதி இல்லை பெரியம்மா. திடீரென்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மரத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏ புள்ள, வெளிய வா" என்று சத்தம் போட்டாள். "இது என்னா கோயிலா, வீடா? வெள்ளக்காரன் போட்ட தோட்டம். வெள்ளக்காரன் தோட்டத்துல வெள்ளச் சீலைக்கு என்னாடி கொறச்சல்?"

கூட்டம் ஹோவென்று கத்தியது. மரத்துக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "அக்கா, நீங்களா இதச் சொல்றீங்க? எனக்குப் பயமா இருக்குக்கா. என் ராசி அந்தப் புள்ள மேல..."

"ராசியாம் ராசி!" பெரியம்மாவின் குரல் மாறியது. "ஒத்த ஆளா மரம் வெட்டி, ஒத்த ஆளா வளத்து, இன்னைக்கு இவள மாலையும் கழுத்துமா நிக்க வச்சிருக்கியே, அது யாரு ராசி? நானா பெத்தேன்? தார வாக்குறப்ப என் கை எப்டி நடுங்குச்சுன்னு எனக்குத்தான் தெரியும். வா புள்ள."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். நான் எழுந்து நின்றேன். பெரியம்மா அம்மாவை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவின் முந்தானையைத் தன் கையாலேயே நீவிவிட்டு, விலகிப் போனாள். அவள் அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆனால் அம்மா பக்கத்தில் நின்றாளே தவிர, என்னைத் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். அடையாளக் கார்டுக்கு நிற்பவள் மாதிரி கையைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கிட்ட அக்கா, கிட்ட" என்று படக்காரர் கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. அவர் எடுத்துவிட்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்தான். அம்மாவுக்கு என்னவோ ஆபத்திலிருந்து தப்பித்த மாதிரி இருந்தது. படம் முடிந்ததும் விலகிப் போகத் திரும்பினாள்.

எதிரே அந்தச் சீனப் பெண் நின்றாள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருந்தாள். மலாயில் என்னிடம்தான் கேட்டாள், இவர் உன் அம்மாவா என்று. ஆமாம் என்றேன். தன் கவுனைத் தொட்டுக் காட்டி, அம்மாவின் சீலையைத் தொட்டுக் காட்டி, நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிறம், உன் அம்மாவோடு நான் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றாள். அம்மாவுக்கு அந்த அளவு மலாய் நன்றாகவே தெரியும். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எந்தக் கல்யாணப் பெண் எதிரே வந்தாலும் ஒதுங்கிப்போன அம்மாவைத் தேடி, ஒரு கல்யாணப் பெண் தானாக நடந்து வந்து கேட்கிறாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்காமல் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

காற்றில் அந்தப் பெண்ணின் வலை முக்காடு பறந்து அவள் கொண்டையிலேயே சிக்கியது. "இரு, இரு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அம்மா அதை எடுத்துவிட்டாள். சரிந்த ஊசியைப் பிடுங்கிச் சரியாகக் குத்தினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தாய் என்னவெல்லாம் செய்வாளோ, அன்று காலையில் எனக்கு என்னவெல்லாம் செய்ய முடியாமல் போனதோ, அத்தனையையும் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் செய்தாள். அவர்களுடைய படக்காரன் எடுத்தான். எடுத்து முடித்ததும் அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்து, ஏரிக்கரையே கேட்கும்படி, "நல்லா இரு தாயி. புருஷனும் புள்ளயுமா நூறு வருஷம் நல்லா இரு" என்றாள்.

அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருந்தது எனக்குத் தெரியாது. கோலாலம்பூரில் ஏதோ ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எங்கள் அம்மா இருக்கிறாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்ந்துவிடும்.

அந்தப் பெண் கையசைத்துக்கொண்டு போனாள். அம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை ஒரு மணப்பெண்ணின் தலையைத் தொட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஏரியில் படகு போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேலைக்குப் போகும்போது அப்பாவின் சட்டையில் எப்படி நடப்பாளோ அப்படி, கையை வீசிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள்.

"இங்க வா நீ" என்று என் தோளை வளைத்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். மாலையெல்லாம் நசுங்கியது. பெட்டியை மூடிக்கொண்டிருந்த படக்காரரைப் பார்த்து அதட்டினாள்.

"அண்ணே, இன்னொன்னு எடுங்க. முன்னாடி எடுத்ததுல நான் பயந்துக்கிட்டு நிக்கிறேன்."